காரணமும் குற்றமும்

ஒரு பெண் இருமுறை, மும்முறை கருவை இழக்கும்போது 'ஏன்?' என்னும் வினா எழுவது இயல்பே. ஆயின் எமது சமூகத்தில் அவ்வினா பெரும்பாலும் 'யாரால்?' என்றே ஒலிக்கின்றது. அவள் தூக்கிய குடம், உண்ட பப்பாசி, பிறந்த நட்சத்திரம் ஆகிய யாவும் விசாரணைக்குள்ளாகின்றன. கணவனை விசாரிப்பார் அரியர். காரணத்தைத் தேடுவதும் குற்றவாளியைத் தேடுவதும் ஒன்றுதானா என்பதே ஈண்டு நாம் ஆராய விழையும் வினாவாகும்.

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள என்பது 1956 இல் நிறுவப்பட்டது. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளுள் ஏறத்தாழ அரைவாசி, கருவின் நிறமூர்த்தங்களில் நேர்ந்த பிறழ்வால் விளைவன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இவற்றுட் பல, சூல் முதிரும்போது தற்செயலாய் நேரும் பிழைகளே. ஆயின், மீண்டும் மீண்டும் கருவிழக்கும் தம்பதியருட் சிலரிடம், நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து வரையானோரிடம், வேறொரு நிலை காணப்படுகின்றது. கணவன் மனைவி இருவருள் ஒருவரில், இரு நிறமூர்த்தங்களின் துண்டுகள் தம்முள் இடம் மாறியிருக்கின்றன. எத்துண்டும் குறையாமையால் அவர் நலமாகவே வாழ்கின்றார். ஆனால் ஒடுக்கற்பிரிவின்போது சில சூல்களுக்கோ விந்துகளுக்கோ ஒரு துண்டு மிகுந்தும் பிறிதொன்று குறைந்தும் சென்றுவிடுகின்றன. அவற்றால் உருவாகும் கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. இம்மாற்றத்தைச் சுமப்பவர் தாயாகவும் இருக்கலாம், தந்தையாகவும் இருக்கலாம்.

'அவ்வாறாயின் குற்றம் கணவனதே' என ஒருவர் கூறக்கூடும். இது பழைய தவற்றையே இடம்மாற்றிச் செய்வதாகும். புகழும் பழியும் ஒருவன் தன் விருப்பத்தாற் செய்யும் செயல்களுக்கே உரியன என அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிற் காட்டினார். தான் தெரிந்தெடாத, அறிந்தும் இராத நிறமூர்த்த அமைப்புக்கு எவரும் பொறுப்பாளியாகார். பொறுப்பு அறிவோடு தொடங்குகின்றது. சோதனையின் முடிவை அறிந்தபின் அதனைத் துணையிடம் மறைத்தலும், அதே மாற்றத்தைச் சுமக்கக்கூடிய உடன்பிறந்தாருக்கு உணர்த்தாது விடுதலும் அறத்தின் விசாரணைக்கு உரியன.

எனினும் விஞ்ஞானத்தை மட்டும் நம்பி இவ்வழக்கை முடித்தல் இயலாது. மீண்டும் மீண்டும் கருவிழப்போருள் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் எச்சோதனையிலும் காரணம் புலப்படுவதில்லை. ஆய்வுகூட அறிக்கையே ஒரு பெண்ணைக் குற்றமற்றவளாக்குமெனின், அறிக்கை கிட்டாதவள் என்றும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்க நேரும். நிறமூர்த்தம் கண்டறியப்படுவதற்கு முன் வாழ்ந்த எம் பாட்டிமாரும் குற்றமற்றவர்களே. காரணம் அறியப்பட்டமையால் அவள் குற்றமற்றவளாகவில்லை. அவள் குற்றம் செய்யவேயில்லை.

ஆகவே காரணத்தைத் தேடும் பணியை மருத்துவரிடம் விடுவோம். துயருற்றிருப்பவள் முன் எமக்குரிய பணி விசாரணையன்று, அவளருகே அமர்ந்திருத்தலேயாகும்.