நீர் வடிகட்டும் சீலை



பிக்குவின் உடைமைகள் எட்டு. அவற்றுள் ஒன்று நீர் வடிகட்டி. நீரில் உயிர்கள் உள்ளன என்று அறிந்தே பருகுவது குற்றமென வினயம் விதிக்கிறது. கோசல நாட்டில் வழிநடந்த இரு பிக்குகளின் வரலாறும் அதிலுண்டு. இருவருக்குள்ளும் பிணக்கு, வடிகட்டி உடையவர் மற்றவருக்கு அதைத் தர மறுத்தார், மற்றவர் தாகத்தால் மாண்டார். அதனைக் கேட்ட பகவான், கேட்டவர்க்கு வடிகட்டி கொடாமை குற்றம் என்றார். வடிகட்டி இல்லையேல் மேலாடையின் முனையாலேனும் வடித்துப் பருகலாம் என்றும் அருளினார்.

இன்றோ, அந்த ஆடை முனையே நீரைக் கெடுக்கிறது.

பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் யாவும் நெகிழியே. துவைக்குந்தோறும் அவற்றினின்று மயிரினும் நுண்ணிய இழைகள் கழன்று, சாக்கடை வழியே ஆற்றைச் சேர்கின்றன. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த இத்தகைய துணுக்குகளை நுண்நெகிழி என்பர். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016-இல் கணக்கிட்டனர். நூற்பாலையில் இழை பறந்து இமையிலும் தலைமயிரிலும் படியக் கண்ட எனக்கு இது வியப்பன்று. ஆனால் பருத்தி மண்ணில் மக்கும். நெகிழியோ மேன்மேலும் நுணுகுமேயன்றி எளிதில் அழியாது.

2019-இல் இமயத்து ஹர்சில் முதல் வங்கதேசத்துப் போலா வரை, கங்கை வழியில் 10 இடங்களில் 120 நீர் மாதிரிகளை ஆய்வாளர் எடுத்தனர். அவற்றுள் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவற்றில் நுண்துணுக்குகள் இருந்தன. அத்துணுக்குகளில் நூற்றுக்கு 91 இழைகளே. மிகுதி ரேயான் (அது மரக்கூழில் பிறப்பது, ஆயினும் ஆலையில் ஆக்கப்பட்ட இழை), அடுத்தது அக்ரிலிக். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேகனாவும் கூடி நாள்தோறும் 100 கோடி முதல் 300 கோடி வரை துணுக்குகளை வங்கக் கடலில் சேர்க்கக்கூடும் என்பது 2021-இல் வெளியான அவர்தம் மதிப்பீடு.

தண்ணீர் சுமந்த அடிமைப் பெண்ணாகிய புண்ணிகையை நினைவுகூர்க. நீராடிப் பாவம் தொலைக்க எண்ணிக் குளிரில் நடுங்கிய பிராமணரிடம், அங்ஙனமாயின் தவளையும் ஆமையுமன்றோ சொர்க்கம் புகும் என்று வினவிய அறிவுடையாள் அவள். மீனும் ஆமையும் இன்று நம் ஆடைத் துகளை இரையோடு விழுங்குகின்றன.

நாமும் தப்பவில்லை. நெதர்லாந்தில் சோதிக்கப்பட்ட 22 பேருள் 17 பேரின் குருதியில் நெகிழி இருந்ததாக 2022-இல் அறிவித்தனர். கழுத்து நாடியின் கொழுப்புப் படிவில் நெகிழி இருந்தோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் மிகுதியாக நேர்ந்ததை 2024-இல் இத்தாலிய மருத்துவர் வெளியிட்டனர். நெகிழியே காரணம் என்று அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. ஆராயாது நம்பற்க என்று காலாமர்க்குச் சொன்னவரின் மாணாக்கர், இதையும் மிகைப்படுத்தலாகாது.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவதார் குளத்தில் போதிசத்துவர் பாபாசாகேப் நீரள்ளிப் பருகினார். மறுக்கப்பட்ட நீரை அடிபட்டுப் பெற்ற மக்கள் நாம். பெற்ற நீர் கெடுவதைக் கண்டு வாளாவிருப்போமா?

ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டரே. அவனைப் பழிப்பது தம்மமன்று. இழையைத் தடுக்கும் வடிகட்டியைத் துவைக்கும் இயந்திரத்திலும் சாய ஆலையிலும் வைப்பது முதலாளியர் கடன். வைக்கச் செய்வது அரசின் கடன். சங்கங்கள் இதனை விண்ணப்பமாக எழுதுக. ஆயினும் நம் விழாவில் தொங்கும் ஃபிளெக்ஸ் பதாகையும், பாலியெஸ்டர் கொடியும், தண்ணீர்ப் பொட்டலமும் நம் கையில் உள்ளவை. வரும் வைசாகப் பூரணைக்குப் பானையும் குவளையும் வைப்போம். பருத்திக் கொடி கட்டுவோம். நீலம் பருத்தியில் நன்றாகவே பிடிக்கும். ஆலையில் இருந்தவன் சொல்கிறேன்.