கடன் என்னும் சொல்

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. செய்ய வேண்டிய கடமையும் கடன். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளும் கடன். தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், வேந்தனுக்கு ஒரு கடன் என்று வகுத்துப் பேசிய சங்கப் புலவர் எவரும் வட்டியை மனத்திற்கொண்டு அச்சொல்லை ஆளவில்லை. வளர்ந்தோர் வளர்வோருக்குச் செய்ய வேண்டியதையே அவர்கள் அப்பெயரால் சுட்டினர். கல்வி அத்தகைய கடன். இன்றோ அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு அரசு மற்றொரு கடனை வாங்குகிறது. அதனை அடைக்கும் சுமை, யாருக்குக் கல்வி கொடுக்கப்பட வேண்டியிருந்ததோ அவர்கள் தலையிலேயே வந்து விழுகிறது. இது நியாயமா என்ற கேள்வியைத் திருகோணமலையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு.

1980ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கும், ஏனைய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காதோருக்கும் வழி திறந்தது. 2003ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி, தொலைக்கல்வியை நவீனப்படுத்தும் திட்டமொன்றுக்காக நமது அரசுக்கு 45 மில்லியன் டொலர் கடன் வழங்க இசைந்தது. கணினி நிலையங்களும் அவற்றை இணைக்கும் வலையமைப்பும் நாடெங்கும் அமைய வேண்டும் என்பது நோக்கம். அவ்வங்கி அரசுகளின் வங்கி. யப்பானும் அமெரிக்காவும் அதன் முதன்மையான பங்காளர்கள். கடனோ சலுகைக் கடன். அக்காலத்தில் இவ்வகைக் கடனுக்கு அவ்வங்கி விதித்த நிபந்தனை, 32 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துதல். முதல் 8 ஆண்டுகளுக்கு முதலில் கைவைக்க வேண்டியதில்லை. வட்டி முதலில் 1 வீதம், பின்னர் 1.5 வீதம். கந்துவட்டிக்காரனைக் கண்டு பழகிய நமக்கு இது தருமமாகவே தோன்றும்.

வட்டியை விட்டுவிட்டு ஆண்டுகளை எண்ணிப்பார்ப்போம். ஒரு கணினியின் உழைப்பு ஐந்தாறு ஆண்டு, மிஞ்சிப்போனால் எட்டு. முதலின் முதற் தவணையைக் கட்டத் தொடங்கும்போதே வாங்கிய கருவி பழையதாகிவிடுகிறது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் நாம் கட்டுவது இல்லாத பொருளுக்கு. தொழிலாளி தவணைக்கு வாங்கிய தையல் இயந்திரம் துருப்பிடித்தபின்னும் தவணை ஓயாதிருந்தால், அதனை வாங்கச் சொன்னவரை அவன் என்ன சொல்லி ஏசுவான் என்பது நமக்குத் தெரியும்.

மூதூரில் 2003இல் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். அதற்கு மூன்று வயதானபோது, 2006 ஆகஸ்ட்டில், அவ்வூரே போரினால் பெயர்ந்து ஓடியது. அதே ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொலைக்கல்வித் திட்டம் நடைபெற்ற ஆண்டுகள் அவைதாம். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையிலுள்ள தூரம் 250 கிலோமீற்றருக்கு மேல் என்று வரைபடம் சொல்லும். அந்நாளில் இங்கு தூரம் சோதனைச் சாவடிகளால் அளக்கப்பட்டது. அக்குழந்தைக்கு 17 வயதானபோது பெருந்தொற்று வந்து கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. 19 வயதானபோது, 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. அந்த நிறுத்தத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பன்னாட்டு வங்கிகளின் கடன் சேர்க்கப்படவில்லை. சில வாரங்களுக்கு முன்னர்தான் தாள் இல்லாமல் மேல் மாகாணத்துப் பள்ளிகளில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டிருந்தது. பரீட்சைத் தாளுக்குப் பணமில்லாத நாடு, கணினித் தவணைக்குப் பணம் தேடியாக வேண்டியிருந்தது! 2003இல் தொடங்கிய 32 ஆண்டுக் கணக்கு முடிவது 2035இல். அக்குழந்தை அப்போது 32 வயது ஆளாக நிற்கும்.

அந்த ஆளின் சம்மதத்தை யார் கேட்டார்? ஒரு தலைமுறை மறு தலைமுறையைக் கடனால் கட்டிப்போடலாகாது என்று 1789இல் அமெரிக்கத் தலைவர் ஜெபர்சன் எழுதினார். ஒரு தலைமுறையின் காலம் 19 ஆண்டு என்று கணக்கும் போட்டார். அழகான தத்துவம். ஆனால் அவர் பட்ட கடனை அடைக்க, அவர் இறந்தபின் ஏலத்தில் விற்கப்பட்டவர்கள் அவர் அடிமையாக வைத்திருந்த மனிதர்கள். கடன் வாங்குபவன் ஒருவன், அதற்கு ஈடாக நிற்பவன் வேறொருவன் என்ற உண்மையை அவரது தத்துவத்தைவிட அவரது ஏலம் தெளிவாகச் சொல்கிறது.

நம்மிடையே ஈடாக நிற்பவர் யாவர்? பெறுமதி சேர் வரி 2022 நடுப்பகுதி வரை 8 வீதம். 2024 ஜனவரியில் 18 வீதம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், கிண்ணியாவில் வலை பின்னுபவரும், கடையில் எதையேனும் வாங்கும்போதெல்லாம் வங்கியின் தவணையில் ஒரு காசு கட்டுகிறார். அவரது மகள் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அங்கே கட்டணமும் கட்டுகிறாள். கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி பெற்ற நாட்டில், அரசுப் பல்கலைக்கழகமொன்றின் மாணவி ஒரே கல்விக்கு இருமுறை விலை கொடுக்கிறாள்.

அப்படியானால் வெளிநாட்டுக் கடனே வேண்டாம் என்பதா? அது சோம்பேறித்தனமான விடை. கிண்ணியாப் பாலத்தைப் பாருங்கள். ஓடப்பாதையை நம்பிக் காத்துக்கிடந்த மக்களுக்கு 2009இல் சவூதி நிதியுதவியோடு அது திறக்கப்பட்டது. கடனாயினும் கொடையாயினும், அதன்மீது ஏறிப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பேரப்பிள்ளையும் அதன்மீதே போகும். சுமப்பவன் கையில் பயனும் இருக்கிறது. கடனின் ஆயுளைவிடப் பொருளின் ஆயுள் நீண்டிருந்தால், பிறவாதவனைக் கேளாமல் அவன் பெயரில் கையெழுத்திடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. தொலைக்கல்வியிலும் நீண்ட ஆயுள் உடையவை இருக்கின்றன: பயிற்றப்பட்ட ஆசிரியர், தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட நல்ல பாடநூல், மாணவனின் ஒப்படையைத் திருத்தி அவனுக்கு இரண்டு வரி எழுதும் வழிகாட்டி. ஆனால் கடன் கொடுப்போர் விரும்பிப் பணம் தருவது கட்டிடத்துக்கும் கருவிக்கும். ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய சம்பளத்தை நாடே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்களது வழக்கம். கருவியென்றால் விற்பவனுக்கும் லாபம். இந்தியா வழங்கும் கடன் வரிகளில் பொதுவாக முக்கால் பங்குப் பொருள் இந்தியாவிலிருந்தே வாங்கப்படவேண்டும் என்பது விதி. பிரித்தானியா இத்தகைய கட்டுப்பாட்டைக் கைவிட்டது 2001இல்தான். அயல்நாட்டு அரசு கொடுக்கும் கடன் பல வேளை அந்நாட்டு வணிகனுக்குத் தரும் உதவியாக முடிவது இதனால்தான்.

இதற்கு எதிரான உதாரணமும் நம்மிடமே உண்டு. 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சலுக்காக நமது பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிறிதாகத் தொடங்கிய இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, 2020இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகளைத் தாங்கிநின்றது; அதன் வழியே படித்த மாணவருக்குத் தரவுக் கட்டணம் இல்லாத ஏற்பாடும் செய்யப்பட்டது. அதற்கிடையில் கருவிகள் எத்தனையோ முறை மாறியிருக்கும். அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர் இங்கேயே இருந்தனர்.

திருகோணமலைக்கு ஒப்பந்தம் என்ற சொல் புதிதன்று. பிரித்தானியர் 1957இல் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபின்னும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப்பற்றி 1987, 2003, 2022 என்று கடிதங்களும் குத்தகைகளும் தொடர்ந்தன. 2017இல் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் அத்தாங்கிகளுக்காக வேலைநிறுத்தம் செய்தன. இரும்புத் தாங்கிக்காக எழுந்த குரலில் பத்திலொரு பங்கு கல்விக் கடனுக்காகத் தெருவில் கேட்டதாகச் சொல்ல முடியாது. தாங்கி கண்ணுக்குத் தெரிகிறது. 32 ஆண்டுத் தவணை தெரிவதில்லை.

அதைத் தெரியச் செய்ய வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னரே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டுமென அமைச்சரைப் பணிக்கிறது. அடுத்த கல்விக் கடன் வரும்போது, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து மாணவரும் மூதூர்ப் பள்ளி ஆசிரியரும் அந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கேட்கவேண்டியவை சில: கருவியின் ஆயுள் எத்தனை ஆண்டு, தவணையின் ஆயுள் எத்தனை ஆண்டு, ஆசிரியருக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு, தமிழ்ப் பாடநூலை எழுதப்போவது யார், எப்போது.