இருமுனை அம்பு

வேதியியல் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் அறுகோணம் வரைகிறார். மூலைக்கு ஒன்றாக ஆறு கார்பன் அணுக்கள். ஒவ்வொன்றோடும் ஒரு ஹைட்ரஜன். கார்பன்களுக்கு இடையே ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் மாறிமாறி வருகின்றன. அருகிலேயே இன்னோர் அறுகோணம். முன்னதில் ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் இதில் இரட்டை. இரட்டை இருந்த இடத்தில் ஒற்றை. இரண்டுக்கும் நடுவே இருமுனை அம்பு ஒன்று. பின்னர் அவர் சொல்கிறார்: "இது பென்சீன். ஆனால் பென்சீன் இதுவும் அன்று, அதுவும் அன்று."

மெய்யன்று எனத் தாமே அறிந்ததை வரைந்து காட்டுபவர் பொய் சொல்கிறாரா? இதைச் சிறுபிள்ளைக் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இதன்பொருட்டு அறிஞர்கள் அவமதிக்கப்பட்டதும் உண்டு.

விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து வடிந்த எண்ணெய்க் கழிவில் இச்சேர்மத்தை 1825-இல் பாரடே கண்டறிந்தார். அதற்கு வளைய வடிவம் தந்தவர் கெக்குலே, ஆண்டு 1865. தன் வாலைத் தானே கவ்விய பாம்பைக் கனவில் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் சொன்ன கதையைப் பலரும் அறிவர். நமக்குக் கனவைவிட அதன்பின் எழுந்த சிக்கலே பெரிது. இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பைவிடக் குறுகியது. அவ்வாறாயின் வளையத்தின் பக்கங்கள் நெட்டையும் குட்டையுமாக அல்லவா இருக்கவேண்டும்? 1929-இல் காத்லீன் லான்ஸ்டேல் என்னும் அம்மையார், பென்சீன் வளையத்தைக் கொண்ட ஒரு படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். வளையம் தட்டையான, சீரான அறுகோணமாக இருந்தது. கார்பன்களிடையே ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34, பென்சீனிலோ ஆறு பக்கங்களும் ஏறத்தாழ 1.39. (போர்க்காலப் பணிக்குப் பெயர் பதிய மனச்சான்று இடந்தரவில்லை என்று மறுத்து, 1943-இல் ஒரு மாதம் சிறையிலிருந்தவரும் இவரே.)

1930-களில் லைனஸ் பாலிங் இதனை உடனிசைவு என்னும் கருத்தால் விளக்கினார். மூலக்கூறு ஒரு வடிவிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டிருப்பதாக மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். அப்படியன்று. கண்டாமிருகத்தைக் கண்டுவந்த பழங்காலப் பயணி ஒருவர், அதைக் காணாதவர்களிடம், "பாதி பறவைநாகம், பாதி ஒற்றைக்கொம்புக் குதிரை" என்று விவரித்ததைப் போன்றது இது. சொன்ன இரண்டும் கற்பனை; கண்ட விலங்கோ உண்மை.

இந்த விளக்கம் 1951-இல் மாஸ்கோவில் கூடிய மாநாட்டில் குற்றமாயிற்று. உலகில் இல்லாத அமைப்புகளைக் கொண்டு உள்ள பொருளை விளக்குவது கருத்துமுதல்வாதம் என்று கூறி, உடனிசைவைக் கற்பித்த சிர்கின், தியாட்கினா ஆகிய இருவரையும் கடுமையாகக் கண்டித்தனர். கண்டித்தவர்களின் கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். உண்மையை உள்ளவாறே சொல் என்பது நல்ல கட்டளைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் விடை தேடவேண்டிய கேள்வியை அதிகாரத்தால் தீர்க்க முற்பட்டனர்; அதுவே கொடுமை.

பொய்யன், தன் சொல் உண்மையிலிருந்து விலகும் இடத்தை மறைக்கிறான். ஆசிரியரோ அந்த இடத்தையே சுட்டிக்காட்டுகிறார். இரண்டாம் படம் முதற்படத்தின் மிகைப்பேச்சை அடக்குகிறது. ஒரு படத்தை அழித்துவிட்டு மற்றதை மட்டும் காட்டினால்தான் நாம் ஏமாறுவோம். அயலாரைப் பற்றி நாம் பேசுபவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய ஒற்றைப் படங்களன்றோ? 'அவர் கருமி' என்கிறோம். அதற்குச் சான்றும் வைத்திருக்கிறோம். தங்கையின் பிள்ளைகளை அவர் படிக்கவைத்த செய்தி அப்பேச்சில் வருவதில்லை. சரி, பாதி கருமி பாதி வள்ளல் என்று கணக்கிடலாமென்றால் அதுவும் பொருந்தாது. அவர் காலையில் ஒருவரும் மாலையில் வேறொருவருமல்லர். எந்நேரமும் ஒரே மனிதர். நம் சொற்கள்தாம் இரண்டாகின்றன.

அறுகோணத்தின் உள்ளே ஒரு வட்டம் வரையும் முறையும் உண்டு. ஆறு பக்கங்களும் ஒன்றே என்பதை அது அழகாகக் காட்டுகிறது. ஆயினும் பென்சீன் வேறொன்றோடு வினைபுரிவதைப் படிப்படியாக எழுதவேண்டி வரும்போது வட்டத்தில் எலக்ட்ரான்களை எண்ண முடிவதில்லை. அப்போது ஆசிரியர் வட்டத்தை அழித்துவிட்டு, கெக்குலேயின் கோடுகளையே மீண்டும் வரைகிறார்.