பிரயாணத் திட்டமும் பிறத்தியாரும்

திட்டம் போட்டுச் செய்கிற பிரயாணம் பிரயாணமே இல்லை என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருந்துவருகிறது. எழுதுகிறவர்கள் கூடுகிற இடங்களில் இதை யாரும் மறுத்துப் பேசிக் கேட்க முடியாது. நாள், தூரம், தங்குமிடம் எல்லாவற்றையும் முன்னாலேயே குறித்துக்கொண்டு கிளம்புகிறவன் குமாஸ்தா. கால் போன போக்கில் போகிறவன் கலைஞன். இந்தப் பாகுபாடு நமக்கு இவ்வளவு சௌகரியமாக இருப்பதே இதைச் சந்தேகிக்கப் போதுமான காரணம்.

இப்போது பலரும் செய்கிற ஒரு காரியத்தை வைத்து இதைப் பார்க்கலாம். கன்யாகுமரியிலிருந்து லடாக்கின் லே வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போவது. ரயிலில் போகிறவனுக்கு நிறுத்தங்களை வேறு யாரோ நிர்ணயித்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. எங்கே நிற்பது என்பதை ஓட்டுகிறவன்தான் தீர்மானிக்கிறான். எங்கே நிற்காமல் போய்விடுவது என்பதையும் அவன்தான் தீர்மானிக்கிறான். இந்த இரண்டாவது தீர்மானத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் திட்டமின்மை. இந்த தேசத்தில் ஒரே காலண்டர் எல்லா இடத்துக்கும் செல்லுபடியாவதில்லை. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை இறங்கும்போது நாகபுரி இன்னும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அந்த மழை தேசம் முழுவதையும் எட்டிப்பிடிக்க ஜூலை இரண்டாம் வாரம் ஆகும். செப்டம்பர் மத்தியில் ராஜஸ்தானத்திலிருந்து அது பின்வாங்கத் தொடங்கும். அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு அதன் சொந்த மழை வரும்போது, மணாலியிலிருந்து லே போகும் பாதையைப் பனி மூடத் தயாராகிக்கொண்டிருக்கும். 2020இல் திறந்த 9 கி.மீ. சுரங்கப்பாதை ரோதாங் கணவாயைச் சுற்றாமல் கடக்க வழிசெய்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போனதும் 4,800 மீட்டருக்கு மேல் பாராலாச்சா லா, 5,300 மீட்டருக்கு மேல் தங்லங் லா. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகள் அங்கே மூச்சுத் திணறும். ஓட்டுகிறவனுக்கும் அதே கதிதான். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான எச்சரிக்கை. இதை அலட்சியம் செய்கிறவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். அப்போது அவனை யாராவது கீழே இறக்க வேண்டும். ஒரு லாரி டிரைவர், கூடாரம் போட்டு டீ விற்கிறவர், ராணுவத்துச் சிப்பாய், இவர்களில் யாரோ ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு வருவார். லாஹுலில் தாண்டி என்ற இடத்தில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று பல வருஷம் ஒரு பலகை நின்றிருந்தது. அதைக் கலைஞனும் படித்தாக வேண்டும். படிக்காமல் போனால் அவனும் இன்னொருவரிடம் பெட்ரோலுக்குக் கையேந்தி நிற்பான். கால் போன போக்கு என்பதன் செலவைப் பெரும்பாலும் போகிறவன் கொடுப்பதில்லை.

ஆகவே திட்டம் வேண்டும். எப்படிப்பட்ட திட்டம் என்பதுதான் பிரச்னை.

ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். கன்யாகுமரியிலிருந்து லே ஏறக்குறைய 3,800 கி.மீ. போக வர 7,600. மாதச் சம்பளக்காரன் கெஞ்சி வாங்கிய விடுப்பு 21 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு 360 கி.மீ.க்கு மேல். சமவெளியில் இது முடியக்கூடியதுதான். மலையில் முடியாது, அங்கே இழப்பதைச் சமவெளியில் 500, 550 என்று ஓட்டி ஈடுகட்ட வேண்டும். உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். அதையும் சமவெளியிடமிருந்தே பிடுங்க வேண்டும். கணக்கு கடைசியில் சரியாகத்தான் வருகிறது. ஒரு நாள்கூட மீதம் இல்லாமல் வருகிறது. இந்தக் காகிதத்தில் கிலோமீட்டர் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, படுக்க அறை இருக்கிறது. ஆள் ஒருவர்கூட இல்லை.

தமிழில் வழி சொல்வதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருந்தது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். முருகனிடம் ஆற்றுப்படுத்துவதை ஒதுக்கி வைத்தாலும், மற்ற நான்கும் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒரு கலைஞன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லும் பாட்டுகள். சிறுபாணாற்றுப்படையில் வழியின் ஒவ்வொரு கட்டமும் அங்கே இருக்கிற மனிதர்களால் அடையாளம் காட்டப்படுகிறது. கடற்கரையில் பரதவர், காட்டில் வேட்டுவர், வயலில் உழவர். அவரவர் வீட்டில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்பது உள்பட. மலைபடுகடாத்தில் ஆபத்துகளும் பட்டியலிடப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனத்துக் காவலர் எறியும் கவண்கல், பாம்பு, வழுக்குகிற பாதை. அந்த ஆபத்துகளிலும் பாதி, யாரோ ஒருவருடைய பிழைப்பிலிருந்து வருபவை. இதை நாம் பொற்காலமாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாணன் ஏழை; கொடுப்பவர்கள் தயவில்லாமல் அவனால் ஒரு காதம் நடக்க முடியாது, அதை அவன் மறைக்கவும் முடியாது. நம்முடைய பிரயாணி காசு கொடுக்கிறான். காசு கொடுத்ததும் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறான். ஆனால் அவனும் ஆட்களின் மேல்தான் ஓட்டிக்கொண்டு போகிறான்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதையே எடுத்துக்கொள்ளலாம். 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வரத் தொடங்கியதற்கு முக்கிய காரணம் எல்லையில் ரோந்து போக ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் தேசமெங்கும் உருவானார்கள். தூரப் பிரயாணத்துக்குப் புல்லட்டையே நாடுகிறவன் அதன் சத்தத்தில் மயங்கியதாகச் சொல்லிக்கொள்வான். உண்மையில் அவன், முன்பின் தெரியாத ஒரு ஊரில் கிளட்ச் கேபிள் அறுந்தால் கைகொடுக்க ஒரு ஆள் இருப்பார் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பாதையும் அப்படித்தான். எல்லைச் சாலை அமைப்பு 1960இல் ஏற்பட்டது. லடாக்கில் அதற்காகக் கல் உடைத்துத் தார் ஊற்றுகிறவர்களில் பெரும்பகுதி ஜார்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் கொண்டுபோகப்படும் கூலிக்காரர்கள், சந்தால்கள். சமவெளி மனிதர்கள். மூச்சு முட்டுகிற உயரத்தில், புகைக்கு நடுவில் வேலை செய்கிறார்கள். கணவாயில் எடுக்கிற புகைப்படத்தில் அவர்கள் விழுவதில்லை. பலகை விழுகிறது. கார்துங் லாவில் 18,380 அடி, உலகிலேயே உயரமான வண்டிப்பாதை என்று ஒரு பலகை நெடுங்காலம் இருந்தது. பின்னால் அளந்தபோது உயரம் 5,359 மீட்டர்தான் என்று தெரிந்தது. அதாவது 17,600 அடிக்கும் குறைவு. அந்தத் தப்பான எண்ணின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிரயாணம் ஒரு எண்ணை நோக்கிப் போனதால், எண் பொய் என்று தெரிந்ததிலும் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

திட்டத்தில் ஆட்களுக்கு இடம் இல்லை என்பது ஒரு ரசனைக் குறைபாடு மட்டுமாக இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. விஷயம் அதைவிடக் கடுமையானது. டார்லி, பாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர். அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுத்த பொருளே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காக நின்றவனின் கதை. போகிற சந்தில் ஒரு ஆள் இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சரிந்து கிடப்பதுபோல் ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் உதவினார்கள். கொஞ்சம் அவசரம் என்றவர்களில் 45. ஏற்கனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10. மனத்தில் சமாரியன் இருந்தானா, வேறு விஷயம் இருந்ததா என்பதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஏதும் தெரியவில்லை.

இதை நான் மனிதனின் மேல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டாகப் படிக்கவில்லை. அறம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்பதைப் பற்றிய ஒரு தகவலாகவே படிக்கிறேன். சாலையோரத்தில் ஒருவன் விழுந்து கிடக்கும்போது, நிற்பதா போவதா என்று அந்தக் கணத்தில் மனச்சாட்சி முடிவெடுப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அந்த முடிவு வீட்டில், மேஜையில், 7,600ஐ 21ஆல் வகுத்த அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. எடுத்தவனுக்கு அது அறப் பிரச்னை என்று தோன்றவே இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு.

இது கற்பிதமான சூழ்நிலையும் இல்லை. 2022ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். இவ்வளவு தூரம் ஓட்டுகிறவன் விழுந்து கிடக்கும் ஒருவனைப் பார்க்காமல் திரும்பினால் அது அதிர்ஷ்டம். முன்பெல்லாம் நிற்காததற்குப் போலீஸ், சாட்சி, கோர்ட் என்று ஒரு நியாயம் இருந்தது. 2016இல் சுப்ரீம் கோர்ட் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென்று ஒரு பிரிவு சேர்ந்தது. பயத்தைச் சட்டம் ஓரளவு நீக்க முடியும். அவசரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். திட்டம் உடைகிறபோதுதான் மனிதர்கள் தட்டுப்படுகிறார்கள். உடைவதை எப்படித் திட்டமிட முடியும்? இதற்கு உதாரணமாக எர்னஸ்டோ குவேராவைச் சொல்வார்கள். 1952இல் அவரும் நண்பர் அல்பெர்த்தோ கிரனாதோவும் ஒரு பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார்கள். சிலியில் வண்டி உயிரை விட்டது. அதற்கப்புறம் லாரியிலும் கால்நடையாகவும் போனபோதுதான் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத் தொழிலாளிகளும், பெருவின் சான் பாப்லோ தொழுநோயாளிகளும் அவர்கள் வழியில் வந்தார்கள். உண்மைதான். ஆனால் அவர்களிடம் மாதக்கணக்கில் நாள் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே நார்ட்டன் 21 நாள் விடுப்பில் வந்தவனுக்கு உடைந்திருந்தால் அவனுக்கு அது நஷ்டக் கணக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பான். விபத்து தன்னளவில் எதையும் கற்பிப்பதில்லை. அதைப் பெற்றுக்கொள்ள நாளில் இடம் இருந்தால்தான் அது அனுபவமாகிறது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. அடுத்தவனுக்கென்று இரண்டு நாள் ஒதுக்கி வைப்பது கருணையை ரேஷனில் கொடுப்பது ஆகாதா? ஆகலாம். நேரம் இருந்தவர்களிலும் 37 சதவீதம் பேர் நிற்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. மீத நாள் யாரையும் நல்லவனாக்கிவிடாது. நல்லவனாக இருப்பது சாத்தியம் என்ற நிலையை மட்டும் அது ஏற்படுத்துகிறது. அந்தச் சாத்தியத்தையே அடைத்துவிட்டு, பிறகு மனிதாபிமானத்தைப் பற்றி எழுதுவதுதான் ஆபாசம்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? தூரத்தைக் குறைப்பது. இருப்பது 21 நாள்தான் என்றால் லேயை அடித்துவிடலாம். அதே நெடுஞ்சாலையில் நர்மதை வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 4,000 கி.மீ.; நாளுக்கு 200க்கும் குறைவு. தேசம் முழுவதையும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நர்மதைக்கு இந்தப் பக்கம் இருப்பதையே ஒரு ஆயுளில் பார்த்து முடிக்க முடியாது என்பதால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. இல்லை, லேதான் போக வேண்டும் என்றால், வேலையை மாற்றிக்கொள்ளும் வரை, அல்லது விடுப்பு சேர்கிற வரை, காத்திருக்கலாம். வடகிழக்குக்குப் போகிறவன் அருணாசலத்துக்கும் நாகாலாந்துக்கும் மிஜோரத்துக்கும் உள்கோட்டு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான் அல்லவா? 1873இல் வெள்ளைக்காரன் தன் காரியத்துக்காகப் போட்ட ஒழுங்குமுறை அது. ஆனாலும், ஒரு பிரதேசத்துக்குள் நுழைவது நம் விருப்பத்தை மட்டும் பொறுத்ததில்லை என்பதை இன்றைக்கு அது ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களுக்கு அப்படிச் சீட்டு கிடையாது. அதனாலேயே அவற்றை யாருமில்லாத வெளியாகப் பாவித்துக் கடந்துபோகலாம் என்று ஆகிவிடாது.

வரைபடத்தை விரிக்கிறவன் முதலில் போட வேண்டிய கணக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதாக இருக்க வேண்டியதில்லை. யாராவது கூப்பிட்டால் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தைத் தூரத்துக்குக் கொடுக்கலாம். அந்த நாட்கள் ஒருவராலும் கேட்கப்படாமலே தீர்ந்தும் போகலாம். அப்போது ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வர வேண்டியதுதான்.