பெருக்கமும் மேம்பாடும்

மேம்பாடு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். பள்ளிக்கு மேம்பாட்டுத் திட்டம் உண்டு. மாணவர்க்கு மேம்பாட்டு வகுப்பு உண்டு. ஆசிரியர்க்கு மேம்பாட்டுப் பயிற்சி உண்டு. ஆயினும், ஒன்று மேம்பட்டுவிட்டது என்பதை நாம் எதைக் கொண்டு துணிகின்றோம்? அதன் அளவு கூடிவிட்டால் போதுமா? வலிமை பெருகிய பொருள் நல்ல பொருளாகவும் ஆகிவிடுமா? இவ்வினா நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்து வந்தது. அதற்குரிய விடையின் ஒரு பகுதி, நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு கார்ப் பட்டறையில் எனக்குக் கிட்டியது.

எங்கள் சுங்கை சிப்புட் நகரின் வழியாக, ஈப்போவையும் கோலகங்சாரையும் இணைக்கும் பழைய நெடுஞ்சாலை செல்கிறது. 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு விரைவுச்சாலை முழுமையடைந்த பின்னர், நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளுட் பல அப்பக்கம் திரும்பிவிட்டன. இரவு வேளையில் பழைய சாலை ஓய்ந்து கிடக்கும். அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு சில இரவுகளில் ஓர் ஓசை எழும். விசை கூட்டப்பட்ட கார்களின் உறுமல் அது. கேட்கும் பெரியவர்கள் இளைஞர்களைச் சபிப்பார்கள். நானும் அவ்வாறு சபித்தவர்களுள் ஒருவன்தான்.

என்னிடம் தொடக்கப் பள்ளியில் பயின்ற ஒருவர் இன்று அத்தகைய கார்களைச் செம்மை செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். என் காரைப் பழுது பார்க்கச் சென்ற ஒரு மாலையில், அவர் தாம் உருவாக்கியிருந்த வண்டியைக் காட்டினார். பார்வைக்கு அது 1993ஆம் ஆண்டு முதல் நம் சாலைகளில் ஓடிய புரோட்டோன் வீரா. முன்மூடியைத் திறந்தால், உள்ளே இருந்தது மிட்சுபிசி லான்சர் எவலூஷன் என்னும் ஜப்பானியப் பந்தயக் காரின் இயந்திரம். ஜப்பானில் கழிக்கப்பட்ட கார்களின் முன்பாதியை அறுத்து நம் நாட்டிற்குக் கொண்டுவருவர். பட்டறைகளில் அதற்கு 'ஹாஃப் கட்' என்று பெயர். வீராவும் தொடக்ககால எவலூஷனும் ஒரே வடிவமைப்பின் வழி வந்தவையாதலின், ஒன்றின் இதயம் மற்றொன்றின் மார்புக்குள் பொருந்திவிடுகிறது. சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலையும் அவர் முறையாகப் பெற்றிருந்தார்.

அவர் எனக்கு அன்று ஒரு பாடம் நடத்தினார். இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரம் தன்னோடு பிணைந்த மற்றொரு சக்கரத்தைச் சுழற்ற, அது வெளிக்காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்துகிறது. இதுவே டர்போ. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம். எரிவது மிகுந்தால் விசையும் மிகும். கேட்ட அளவில் இது எளிய கணக்காகவே தோன்றுகிறது. ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அதனைக் குளிர்விக்கும் கருவி வேண்டும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வந்து சேராவிடில், உரிய நேரத்துக்கு முன்னரே கலவை வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். பெருகிய விசையைத் தாங்கக் கிளட்சும் கியர்ப்பெட்டியும் வலுப்பெற வேண்டும். விரைவை அடக்கப் பிரேக்கும், சாலையைப் பற்றிக்கொள்ள டயரும் மாற வேண்டும்.

"காற்றை ஏற்றுவது ஒருமணி நேர வேலை, ஐயா. அதைத் தாங்கச் செய்வதுதான் ஆறு மாத வேலை" என்றார் அவர்.

பல ஆண்டுகள் ஆசிரியப் பணியில் கழித்த எனக்கு இவ்வொரு தொடர் பல கருத்தரங்குகள் தராத தெளிவைத் தந்தது. ஓர் உறுப்பை மட்டும் வலுவாக்குவது பெருக்கம். அவ்வலுவைத் தாங்கும்படி முழுமையையும் ஒத்திசையச் செய்வது மேம்பாடு. முன்னது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், நண்பர்களிடம் சொல்லிப் பெருமை கொள்ளலாம். பின்னது பிறர் பார்வைக்குப் படுவதில்லை. நல்ல பிரேக்கைப் பார்த்து வியந்து நிற்பவர் யார்?

இயற்கையின் கணக்கும் இதையே வலியுறுத்துகிறது. விரைவு இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் செல்லும் காரை நிறுத்தப் பிரேக்கு எவ்வளவு உழைக்கிறதோ, 180 கிலோமீட்டரில் அதனினும் நான்கு மடங்கு உழைக்க வேண்டும். ஓட்டுபவனின் கண்ணும் கையும் அந்த அளவிற்கு வளர்வதில்லை. அவன் நேற்று இருந்தவனாகவே இன்றும் இருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பட்டறைக்கு ஓர் இளைஞன் வந்தான். அவனும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவனே. தன் காரின் டர்போ அழுத்தத்தை உயர்த்தித் தருமாறு கேட்டான். பிரேக்கையும் டயரையும் மாற்றினாலன்றிச் செய்ய இயலாது என்றார் பட்டறைக்காரர். அவனிடம் அதற்குப் பணமில்லை. கோபித்துக்கொண்டு சென்றவன், வேறோர் இடத்தில் தான் விரும்பியதைச் செய்துகொண்டான். மூன்று வாரங்கள் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், கார் வளைவில் தடம் மாறி மரத்தில் மோதியது. அவன் பிழைத்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன் பிழைக்கவில்லை. அந்தத் தோழனின் இறுதிச் சடங்கிற்கு நான் சென்றிருந்தேன். பட்டறைக்காரரும் வந்திருந்தார். கூட்டத்தில் கலவாமல் வேலியோரம் நின்றவர், என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

"நான் மறுத்துவிட்டேன் ஐயா. ஆனால், அவனுக்கு இந்த ஆசையை மூட்டியதே என் வண்டிதானே?" என்றார்.

"உன்மேல் பிழையில்லை, தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயினும் அச்சொல் அத்துணை எளிதாக வரவில்லை. பிழை யாருடையது? கேட்டவனுடையதா? கேட்டதைச் செய்து கொடுத்தவனுடையதா? மறுத்தவரும் தம்மையே வினவிக்கொள்கிறாரே, அவ்வினா வீணானதா? கேட்பவர் விரும்பியதைச் செய்து கூலி பெறுவது மட்டுமே தொழில் என்றால், இரண்டாம் பட்டறையில் குற்றமில்லை. ஆனால் நஞ்சைக் கேட்பவனுக்கு மருத்துவன் நஞ்சு தருவதில்லை. கேட்பவன் அறியாததைத் தான் அறிந்திருக்கிறான் என்பதனாலேயே ஒருவன் தொழிலறிஞன் ஆகிறான். அறிவு கூடுங்கால் கடமையும் உடன் கூடுகிறது. மறுக்கத் தெரிந்த கையே தேர்ந்த கை. அந்த நண்பர் மறுத்ததனால் தொழிலறத்தைக் காத்தார். மறுத்த பின்னும் வருந்தியதனால் மனித அறத்தையும் காத்தார் என்றே நான் கருதுகிறேன்.

அப்படியாயின் விரைவே தீதா? விசையைக் கூட்டும் கலையை நாம் வெறுத்து ஒதுக்க வேண்டுமா? இல்லை. அவ்வாறு கூறுவோமாயின், உள்ளதை உயர்த்த விழையும் மனித முயற்சியையே பழித்தவராவோம். 2002ஆம் ஆண்டில் நம் நாட்டின் கரம்ஜித் சிங், உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வாகையர் பட்டத்தை வென்றார். அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், லான்சர் எவலூஷனை அடியாகக் கொண்டது. அவ்வகைப் போட்டியின் விதி நம் கருத்துக்குரியது. டர்போவுக்குள் காற்றுப் புகும் வாயின் விட்டம் 32 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்று அந்நாளைய விதி வரையறுத்தது. மூச்சுக்கு வரம்பிட்ட இயந்திரத்தைக் கொண்டே அவர் உலகை வென்றார். விசை எல்லார்க்கும் வரையறுக்கப்பட்ட நிலையில், வெற்றியைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் திறமே அன்றோ?

ஆயினும் வரம்பு என்பது ஏட்டளவில் நின்றால் பயனில்லை. ஜப்பானியக் கார் நிறுவனங்கள் 1989ஆம் ஆண்டளவில் தமக்குள் ஓர் உடன்பாடு கண்டன. தங்கள் நாட்டில் விற்கும் எந்தக் காரும் 280 குதிரைத்திறனை மிஞ்சுவதாக அறிவிப்பதில்லை என்பது அது. 2004ஆம் ஆண்டு வரை அவ்வுடன்பாடு நிலைத்தது. ஆனால் அவ்வெண்ணை அறிவித்த கார்களுட் சில உண்மையில் அதனினும் மிகுந்த விசை உடையவையாய் இருந்தன. தாளில் அடக்கம், இயந்திரத்தில் மிகை! பிறர்க்காகக் காட்டும் அடக்கத்துக்கும் தானே உணர்ந்து கொள்ளும் அடக்கத்துக்கும் உள்ள தொலைவு இதில் விளங்கும்.

திருவள்ளுவர் அரசியலைக் கூறுமிடத்தில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் உவமையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் நாம், இம்மூன்றின் வரிசையை எண்ணிப் பார்த்ததுண்டா? வலிமை இருந்தால் மட்டும் போதாது. அதற்குரிய காலமும் இடமும் அறிதல் வேண்டும். 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் ஓட்டக்களம் விரைவுக்கென்றே அமைந்த இடம். அங்கு எதிர்வரும் வண்டியில்லை. சாலையைக் கடக்கும் பாட்டியில்லை. பள்ளி விட்டு மிதிவண்டியில் வரும் சிறுவனில்லை. பந்தயக்காரனின் துணிவு அங்கே வீரம். அதே துணிவு எங்கள் பழைய நெடுஞ்சாலையில் கொடுமை. இசைவின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை நம் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் குற்றம் என்கிறது. செயல் ஒன்றே, இடம் மாறியதும் அறம் மாறிவிடுகிறது.

இதனை எண்ணும்போதெல்லாம் என் தந்தையாரின் நினைவு எழுகிறது. அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கொளியில் பட்டையைச் சீவுவார். கத்தி ஆழமாய் இறங்கினால் அன்று பால் சற்று மிகும். ஆனால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். நான் சிறுவனாய் இருந்த காலத்தில் 'எத்ரல்' என்னும் மருந்து தோட்டங்களில் வழக்கத்துக்கு வந்திருந்தது. அதனைப் பட்டையில் பூசினால், பால் உறைந்து அடைபடுவது தாமதமாகும், நெடுநேரம் ஒழுகும், மங்கு நிறையும். அளவாகப் பூசி, வெட்டும் நாள்களைக் குறைத்தால் அது நல்ல மருந்து. மருந்தையும் மிகுத்து வெட்டையும் மிகுத்தால், ஒருநாள் பட்டை வறண்டுவிடும். பிறகு எவ்வளவு சீவினாலும் பால் வராது. "மரம் குடுக்கிறத வாங்கணும், பிடுங்கக்கூடாது" என்பார் தந்தையார். அவர் பள்ளியில் பயின்றது மூன்றாண்டுகளே.

இயந்திரம் உடைந்தால் வேறோர் இயந்திரம் வாங்கலாம். பட்டை வறண்ட மரத்தைச் சாய்த்து வேறு கன்று நடலாம். குழந்தை என்ன ஆகும்?

இங்கேதான் இவ்வினா என்னை நோக்கித் திரும்புகிறது. 1988இல் அறிமுகமாகி 2021இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில் நான் பல பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வகுப்பு எடுத்தேன். தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதே எங்கள் மூச்சாக இருந்தது. காலையில் வகுப்பு, மாலையில் கூடுதல் வகுப்பு, விடுமுறையில் முகாம். மாணவர்களின் மீது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே சென்றோம். ஓவியமும் ஓட்டமும் கதை நேரமும் ஒவ்வொன்றாய்க் கழன்றன. விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. ஆனால், இடைநிலைப் பள்ளியில் முதற்சறுக்கல் நேர்ந்தபோது தம்மை நிறுத்தி நிதானிக்கும் பயிற்சியை அவர்களுள் எத்தனை பேர்க்கு நாங்கள் அளித்தோம்? அழுத்தத்தை ஏற்றினோம், அதைத் தாங்கச் செய்யும் ஆறு மாத வேலையைச் செய்தோமா?

அந்தப் பட்டறை நண்பரும் அக்கால மாணவரே. எங்கள் விழுக்காட்டுக்கு அவர் உதவமாட்டார் என்று கருதி, அவரைப் பின்வரிசையில் அமர்த்திவிட்டேன். காற்றையும் எரிபொருளையும் நிறை பார்த்து, 14.7 பங்குக்கு ஒன்று என்று இன்று கணக்கிடும் அவர், அன்று என் கணக்குப் பாடத்தில் தேறாதவர். அவரைக் கைவிட்டது என் பிழை. இதனை நான் அவரிடமே கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே, "பின்வரிசையில் சன்னல் இருந்தது ஐயா; சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். அச்சிரிப்பில் குறை கூறல் இல்லை. அதனாலேயே அது என்னை மிகவும் வருத்தியது.

ஆசிரியராக விழையும் மாணவர்களே! உங்கள் கையில் வரும் பிள்ளையின் ஆற்றலைப் பெருக்குங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பெருக்குமுன் ஒரு பட்டறைக்காரர் கேட்கும் கேள்விகளையேனும் கேளுங்கள். இது எதைத் தாங்கும்? எங்கே ஓடப் போகிறது? நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்குமா? பக்கத்தில் அமர்ந்து செல்லும் தோழன் பத்திரமாக வீடு சேர்வானா?

பழைய நெடுஞ்சாலையில் இப்போதும் சில இரவுகளில் அந்த உறுமல் கேட்கிறது. நான் சபிப்பதில்லை. எந்த வகுப்பில் எந்த ஆசிரியரிடம் அப்பிள்ளை பயின்றானோ என்று எண்ணியவாறு, ஓசை தேய்ந்து மறையும் வரை விழித்திருக்கிறேன்.