காதில் விழாதது

கல்யாணப் பந்தியில் பெரியப்பா என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் மேளம். பின்வரிசையில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பின்வரிசைப் பேச்சு மட்டும் வார்த்தை வார்த்தையாக வந்தது. என் கட்டுரை ஒன்றைப் பற்றிய வம்பு, காலணா பெறாதது. பெரியப்பாவுக்கு 'உம்' கொட்டினேன். இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார். அன்று உன்னிடம் என்ன சொன்னார் என்று பெரியம்மா கேட்டபோது, "மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை" என்றேன்.

நான் சொன்னது பொய்யா என்பது இன்னும் எனக்குத் தீரவில்லை. மேளம் நிஜம். ஆனால் பின்வரிசையைவிடப் பெரியப்பா அருகில் இருந்தார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செரி 1953இல் வெளியிட்ட பரிசோதனைகளில், இரு காதுகளுக்கும் இரு வேறு பேச்சுகள் தரப்பட்டன. ஒன்றை உடனுக்குடன் திருப்பிச் சொல்லவேண்டும். ஒதுக்கிய காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக் கேட்டவர்கள் கவனிக்கவில்லை. ஆண்குரல் பெண்குரலானது மட்டும் தெரிந்தது. குரலின் உருவம் நுழைந்திருக்கிறது, சொல் நுழையவில்லை. 1959இல் நெவில் மோரே கண்டது இன்னும் சங்கடமானது: ஒதுக்கிய காதில் சொந்தப் பெயர் வந்தால், சில தடவை அது பிடிபட்டது. அப்படியானால் ஒதுக்கப்பட்டதும் ஓரளவாவது கேட்கப்படுகிறது. வாசலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தேர்வு பிரக்ஞைக்கு முன்னால் நடப்பது, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வாசற்காரனைப் பழக்கியது யார்? என் பெயருக்குத் துள்ளி எழவும், வயதானவர்களின் பேச்சுக்கு 'உம்' கொட்டவும் அவன் ஒருநாளில் கற்றவனல்ல.

தமிழில் 'காதில் விழுவது' ஒன்று, 'காது கொடுப்பது' வேறு. முன்னதில் கர்த்தா இல்லை. நான் போய் ஒளிந்துகொண்டது அந்த இலக்கணத்தில்.

இயந்திரங்களும் இப்போது இதைச் செய்கின்றன. ஒரே மைக்கில் கலந்துபோன, முன்பின் கேட்டிராத இருவர் குரலை நரம்பு வலையமைப்புகள் தனித்தனியாக எடுத்துத் தருகின்றன. 2016 முதல் இதில் கணிசமான முன்னேற்றம். கேட்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அப்படிப் பிரிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு பேருமே பேச்சுதான், எவரும் இரைச்சல் அல்ல. பிரித்தவற்றில் எது முதல், எது இரண்டாவது என்று அதற்குத் தெரியாது. அதைப் பயிற்றுவித்தவர்களுக்கே இந்த வரிசைப் பிரச்னை பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. ஒருவர் குரல் மட்டும் வேண்டுமென்றால், அக்குரலின் சில விநாடி மாதிரியையோ வேறு அடையாளத்தையோ தரவேண்டும். அதாவது, யார் வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லவேண்டும்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியப்பா என்றுதான் சொல்லியிருப்பேன், சந்தேகமில்லை.

அவர் குரல் ஞாபகமிருக்கிறது. நடுவில் ஒருமுறை இருமியதும், ஏதோ கேள்வியில் முடிவதுபோல் கடைசியில் குரல் உயர்ந்ததும். ஒரு சொல்கூட இல்லை.