யாருடைய பல்?

ரூட் கெனால் செய்துகொண்ட பல்லுக்கு வலிக்கத் தகுதியே கிடையாது. உள்ளே இருந்த நரம்பு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் ஊசி போன்ற கருவிகளால் டாக்டர் சுரண்டி எடுத்தாயிற்று. வேர்க் கால்வாய்களைக் கழுவி, அடைத்து, மேலே தற்காலிகமாகப் பூசி, 'பத்து நாள் கழிச்சு வாங்க, கேப் போட்டுடலாம்' என்று அனுப்பியும் விட்டார். வீட்டுக்கு வந்து தோசையைக் கடிக்கிறீர்கள். சுரீர்! 'நரம்பையே எடுத்தாச்சுன்னீங்களே?' என்று வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

வலிப்பது பல் இல்லை. பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய நார்கள் வேரைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் நரம்பு உண்டு. அவற்றை யாரும் எடுக்கவில்லை. சிகிச்சையில் வேர் நுனியைச் சுற்றிக் கொஞ்சம் புண்பட்டிருக்கும். மேலே பூசியது மயிரிழை உயரமாக இருந்தாலும் ஒவ்வொரு கடிக்கும் அங்கே இடிக்கும். பெரும்பாலும் சில நாளில் தானாக அடங்கிவிடும். அடங்காமல் ஏறினால், முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். மேல் கடைவாய்ப் பல்லில் நாலாவதாக ஒரு கால்வாய் கண்ணுக்குத் தப்பி ஒளிந்திருப்பதும் உண்டு. வலி போய்விட்டதே என்று கேப்பைத் தள்ளிப்போடவும் கூடாது. குடைந்த பல் ஒரு முறுக்குக்கே பிளந்துவிடலாம்.

வைத்தியம் அவ்வளவுதான். எனக்கு இதில் வேறு ஒரு விஷயம் உறுத்துகிறது.

கேப் போடாத இந்தப் பல்லோடு திருவண்ணாமலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள ஏதாவது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பார். வேட்டி கட்டிய வெள்ளைக்காரராக இருக்கலாம், சென்னையில் ரிடையராகி இங்கே வந்து செட்டிலானவராக இருக்கலாம். புன்னகையோடு சொல்வார்: 'யாருக்கு வலிக்கிறதுன்னு பாருங்கோ. நீங்க உடம்பு இல்லையே!'

உங்களுக்குக் கோபம் வரும். ஏன் வரவேண்டும்? அந்த ஊரின் மிகப் பெரிய மனிதர் 54 வருஷம் வாழ்ந்து காட்டியதைத்தானே அவர் சொல்கிறார்?

1896-ல் 16 வயதுப் பையனாக மதுரையிலிருந்து வந்து, பெரிய கோயில் பாதாள லிங்கத்தின் இருட்டில், பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் ரமணர். 1948 கடைசியில் அவர் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி வந்தது. சார்கோமா என்கிற புற்றுநோய். 1949 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் நடுவில் நாலு முறை அறுத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றபோது வேண்டாமென்றார். வலியே இல்லை என்று அவர் சாதித்ததில்லை. வலி இருக்கிறது, அது உடம்போடு சரி என்ற அளவில்தான் அவர் பேச்சு. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார். அன்றைக்கும் தரிசனத்துக்கு வந்தவர்களைத் தடுக்க விடவில்லை.

அப்படியானால் டீக்கடைக்காரர் சொன்னதில் என்ன தப்பு? வேதாந்தத்தில் தப்பில்லை. இலக்கணத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. 'நான் உடம்பல்ல' என்பது தன்மை ஒருமையில் மட்டும் செல்லுபடியாகிற வாக்கியம். முன்னிலைக்கு மாற்றி 'நீ உடம்பல்ல' என்றதும் அதே வார்த்தைகள் கைகழுவுகிற வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடுகின்றன. வேறு ஒருவர் தாடையில் இருக்கிற வலியைத் துறப்பதில் என்ன சிரமம்?

விட்கென்ஸ்டைன் என்ற தத்துவ ஆசிரியர் 1933-34-ல் கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த குறிப்புகளில் பல்வலி அடிக்கடி வருகிறது. வலிக்கிறது என்று சொல்பவனிடம் 'வலி உனக்குத்தான் என்று நிச்சயமா?' என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி என்பது அவர் வாதம். ரமணரோ 'யாருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னவர். முதல் பார்வைக்கு இரண்டும் மோதுகிற மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்குள்ளே கேட்டுக்கொள்ளத்தான் ரமணர் சொன்னார். அதுவும் கேட்டு வந்தவர்களிடம். நீங்கள் டீ குடிக்கத்தான் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

1914-ல் நடந்தது ஒன்று உண்டு. ரமணர் அப்போது மலைமேல் விரூபாட்சி குகையில் இருந்தார். பார்க்க வந்த தாயார் அழகம்மாள் கடும் ஜுரத்தில் படுத்துவிட்டார். மகன் என்ன செய்தார்? அருணாசலத்தைப் பார்த்து, அம்மாவின் ஜுரத்தைத் தணிக்கச் சொல்லி நாலு பாட்டு எழுதினார். தன் கைக்கு எதையும் கேட்காதவர், அம்மாவின் ஜுரத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். தாயார் பிழைத்து ஊர் திரும்பினார். பிறகு மகனோடேயே இருக்க வந்து 1922-ல் காலமானார். அவர் சமாதியை ஒட்டித்தான் இன்றைய ரமணாசிரமமே வளர்ந்தது.

அதனால் அங்கே பழைய ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்து 'யாருக்கு வலிக்கிறது?' என்று நீங்களே கேட்டுப் பாருங்கள், ஆட்சேபணை இல்லை. பல் டாக்டரை மட்டும் பௌர்ணமிக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டில் ஆட்டோ நகராது.